அரைக்கால் சுற்று

நாலு புள்ளி ஆறு என்றது திரை.
மூன்றுக்குள் இருக்க வேண்டும்.
எண்ணூர் நெடுஞ்சாலை பங்க் ஓரம்
பெட்டிக்கடை அளவு அறை.
எப்சிபா புகைக்குழாயிலிருந்து கம்பியை உருவி
துணியில் துடைத்தாள்.
துணி ஏற்கெனவே கறுப்பு.

"தொண்ணூத்தி மூணு பத்மினி, எங்கண்ணா பாஸாவும்?
முந்நூறு சேத்துக் குடுங்க.
அந்தா நிக்குதே புது வண்டி, அதுல கம்பிய வெச்சு
உங்க நம்பர்ல போட்டுடறேன்."

அவள் தப்பாக எதுவும் கேட்கவில்லை.
வண்டியே வராமல்
போட்டோ மட்டும் வந்து பாஸாகிறது ஊரில்.
வேண்டாம்மா என்றேன்.
ஏன் என்று கேட்டாள்.
சாவியைத் தேடுவதுபோல் பாக்கெட்டைத் தடவினேன்.

மணலியில் ஒரு கம்பெனி.
பதினொரு வருஷமாக மணிக்கொரு தரம்
புகைபோக்கியின் அளவை நோட்டில் எழுதுகிறவன் நான்.
முள் ஓரிடத்தில் நிற்கும்.
எழுத வேண்டிய எண் போனில் வரும்.
ராத்திரி ஷிப்டில் போனும் வராது,
நானே போட்டுக்கொள்வேன்:
அறுபத்தெட்டு. எழுபத்தொன்று. அறுபத்தொன்பது.
ஒரே எண்ணாக இருந்தால் ஆடிட்டருக்குச் சந்தேகம் வருமாம்.
விடியும்போது நோட்டின் மேல்
மெல்லிசாக ஒரு தூள் படிந்திருக்கும்.
ஊதிவிட்டுக் கையெழுத்துப் போடுவேன்.

தண்டையார்பேட்டையில் தஸ்தகீர் பானெட்டைத் தூக்கினார்.
பில்டரை வெயிலில் பிடித்துப் பார்த்தார்.
"இதுல கொசு பூராது, காத்து எப்படிப் பூரும்?"
பிளக்கைக் கழற்றினார். கரி.
"குடிக்கிறா. செரிக்கல."
எனக்கல்ல, வண்டிக்குச் சொன்னது.

சோலெக்ஸின் இடுப்பில் ஒரு சின்ன திருகு,
பித்தளை, சுண்டுவிரல் நகம் அளவு.
உள்ளே திருகினால் பெட்ரோல் குறையும்.
வெளியே திருகினால் கூடும்.
இவ்வளவுதான். இதற்காக அவர்
பழைய கூலன்ட் ஹோஸைக் காதில் வைத்து
மறு முனையைக் கார்ப்பரேட்டரிடம் கொண்டுபோனார்.
ஐம்பத்தாறு டி போனது.
கையைத் தூக்கியபடி அது போகக் காத்திருந்தார்.

கால் சுற்று உள்ளே.
இன்ஜின் அதுவரை விட்ட குறட்டையை நிறுத்தியது.
இன்னொரு கால்.
கண்ணெரிச்சல் போய்
பக்கத்துக் கடை வஞ்சிரம் பொரியும் வாசனை வந்தது.
இன்னும் அரைக்கால்.
மொத்த வண்டியும் ஒருமுறை
குளிருக்குச் சிலிர்ப்பதுபோல் சிலிர்த்து
நின்று
யோசித்து
ஓடியது.

"இவ்ளோதான். இது பேப்பருக்கு.
சிக்னல்ல நின்னுச்சுன்னா என்னத் திட்டக் கூடாது."
பழைய பில்டரை என் மடியில் போட்டார்.
கூலியோடு டீக்கும் வாங்கிக்கொண்டார்.

இரண்டு புள்ளி எட்டு.
எப்சிபா கம்பியை ஆட்டிவிட்டு இன்னொரு தரம் செருகினாள்.
இரண்டு புள்ளி எட்டு.
"நெசமாவே வந்துடுச்சுண்ணா" என்றாள்,
யார் வீட்டிலோ குழந்தை பிறந்ததுபோல.
சீட்டு சூடாக வெளியே வந்தது.
யாரும் எனக்குச் சொல்லிவிடாத எண்.
சட்டைப் பையில் வைத்தேன்.
இரண்டு தரம் எடுத்துப் பார்த்தேன்.

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தது.
டேங்கர் வேகன்கள், கறுப்பாக, ஒன்றன்பின் ஒன்று.
எண்ணத் தொடங்கி முப்பதில் விட்டேன்.
அங்கேதான் நின்றது. ஸ்டார்ட் செய்தேன்.
நின்றது.
பின்னால் தண்ணீர் லாரி ஹாரனை எடுக்கவேயில்லை.
ஒரு பையன் பட்டாணி விற்பதை விட்டுவிட்டு
"தள்ளணுமாண்ணா?" என்றான்.

இறங்கி பானெட்டைத் திறந்தேன்.
பேட்டரி ஓரம் தஸ்தகீர் மறந்த ஸ்க்ரூடிரைவர்.
பித்தளைத் தலை சுட்டது.
மாகாணி போதுமா என்று பார்த்தேன், போதவில்லை.
அரைக்கால் வெளியே.
வண்டி பிடித்துக்கொண்டது, தடுமாறாமல்,
பழைய குறட்டையின் ஓரத்தோடு.
பையன் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்தான்.

சீட்டில் இன்னமும் இரண்டு புள்ளி எட்டு.
ஆறு மாசத்துக்குச் செல்லும்.

ஷிப்டு பேனா பையில்தான் இருந்தது.
சீட்டைத் திருப்பி
ஸ்டியரிங்கின் மேல் வைத்து எழுதினேன்:
மாலை 6.10. கொருக்குப்பேட்டை கேட்.
திருகு அரைக்கால் சுற்று வெளியே.
அளவு தெரியாது.

கீழே கையெழுத்துப் போட்டேன்.
கேட் ஏறத் தொடங்கியிருந்தது.